இரண்டு தாள்களுக்கு நடுவே

தமிழ் மன்றத்துத் தங்கைகள் இம்முறை சஞ்சிகைக்கு, "உங்கள் தொழிலைப் பற்றி எங்களுக்கு விளங்கும்படி ஒரு பாடம் எழுதித் தாருங்கள்" என்று கேட்டிருந்தார்கள். என் தொழிலுக்கு ஊரில் தனிப்பெயர் கிடையாது. யாராவது விசாரித்தால் உம்மா, "மகள் பிளான் பார்க்கிற" என்று சொல்லிவிடுவார். அது சரியான விடைதான். ஒரு கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டுவதற்கு முன்னர், அதற்காக வரையப்பட்ட தாள்கள் அனைத்தையும் வாசித்து, அவற்றில் உள்ள பிழைகளைத் தேடிப்பிடிப்பதே என் வேலை. பரீட்சை விடைத்தாள் திருத்தும் ஆசிரியையின் வேலை போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆசிரியை தவறவிட்ட பிழை இரண்டு புள்ளியோடு முடிந்துவிடும். நான் தவறவிட்ட பிழை கொங்கிரீட்டாக இறுகி நிற்கும்.

இந்த வேலையின் முதற் பாடத்தை எனக்குக் கற்றுத் தந்தவர் ஒரு மேசன். அதைச் சொல்வதற்கு முன், தாள்கள் என்று நான் சொல்வது எவற்றை என்று பார்ப்போம்.

ஒரு வீட்டின் தாள்கள்

சாதாரண மாடி வீடு ஒன்றைக் கட்டுவதற்கு நான்கு வகைத் தாள்களாவது தேவை. முதலாவது, கட்டடக்கலைஞரின் வரைபடம். அறைகள், கதவு யன்னல்கள், படிக்கட்டு, வெளித்தோற்றம் எல்லாம் அதில் இருக்கும். இரண்டாவது, கட்டமைப்புப் பொறியியலாளரின் வரைபடம். அத்திவாரம், தூண், பீம், சிலப் ஆகியவற்றையும் அவற்றுக்குள் போகும் கம்பிகளையும் அது காட்டும். மூன்றாவது, தண்ணீர்க் குழாய், கழிவுநீர், மின்சாரம் ஆகியவற்றுக்கான வரைபடங்கள். நான்காவது, எந்தப் பொருள் எவ்வளவு தேவை, அதற்கு என்ன விலை என்று அளவையியலாளர் தயாரிக்கும் பட்டியல். தொழிலில் இதை பீ.ஓ.கியூ. என்போம்.

இந்த நான்கையும் வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு மேசைகளில், வெவ்வேறு நாட்களில் செய்கிறார்கள். வீடோ ஒன்றுதான். இதை மனத்தில் இருத்திக்கொண்டால், பிழைகள் எங்கே பிறக்கின்றன என்பது பாதி விளங்கிவிடும்.

600 மில்லிமீற்றர்

நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் மாதம். மாவனல்லைப் பக்கம் ஒரு மாடி வீடு. வீட்டுக்காரர் கட்டாரில் பன்னிரண்டு வருடம் உழைத்துச் சேர்த்த காசு அது. அந்த வீட்டின் தாள்களைச் சரிபார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. இரண்டு நாள் இருந்து பார்த்தேன். கட்டடக்கலைஞரின் தாளில் அளவுகளைக் கூட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. கட்டமைப்புத் தாளில் கம்பிகளை எண்ணினேன், அதுவும் சரி. ஒவ்வொரு தாளின் மூலையிலும் "சரிபார்த்தவர்" என்று ஒரு கட்டம் உண்டு. அதில் என் பெயரின் முதலெழுத்துகளை இட்டேன். அந்தக் கட்டத்தில் என் எழுத்தைப் பார்க்க எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

நூல் பிடித்து ஆப்பு அடிக்கும் நாள் காலையில் நானும் போயிருந்தேன். தலைமை மேசனுக்கு என் வாப்பாவின் வயது. எல்லோரும் அவரை "பாஸ்" என்றே கூப்பிடுவோம். அவர் இரண்டு தாள்களைச் சீமெந்துப் பைகளின் மேல் விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"மகள், வேன் நிக்கிற எடத்துத் தூணுக்கு எந்தத் தாளப் பாத்துக் குழி வெட்ட?"

பார்த்தேன். கட்டடக்கலைஞரின் தாளில் அந்தத் தூண் சுவரோரமாக இருந்தது. கட்டமைப்புத் தாளில் அதே தூண் 600 மில்லிமீற்றர் உள்ளே தள்ளி, வேன் திரும்பும் இடத்தில் நின்றது. வேன் திருப்ப இடம் போதாது என்று வீட்டுக்காரர் சொன்னதால், கட்டடக்கலைஞர் தூணை நகர்த்தித் தன் தாளின் திருத்த எழுத்தை "ஏ"யிலிருந்து "பீ" ஆக மாற்றியிருந்தார். பொறியியலாளரின் தாளோ பழைய "ஏ"யைப் பார்த்து வரையப்பட்டது.

ஒவ்வொரு தாளும் தன்னளவில் பிழையற்றது. நான் அவற்றைத் தனித்தனியாகப் பார்த்ததால் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. பாஸ் இரண்டையும் அருகருகே வைத்தார். ஒரு நிமிடத்தில் கண்டுவிட்டார். பிழை இரண்டு தாள்களுக்கு நடுவே இருந்தது.

தூண் நகர்ந்தால் அதன் மேல் அமரும் பீமின் நீளம் மாறும். நீளம் கூடினால் கம்பியும் கூட வேண்டும். அத்திவாரத்தின் அளவும் மாறக்கூடும். ஆகவே அங்கு நின்றபடியே, "சரி, பீ தாளைப் பார்த்து வெட்டுங்கள்" என்று நான் சொல்லியிருந்தால் அது இரண்டாவது பிழையாகியிருக்கும். வேலை நிறுத்தப்பட்டது. பொறியியலாளர் மீண்டும் கணக்குப் பார்த்து நான்காம் நாள் புதிய தாள் தந்தார். அந்த நாட்களின் கூலி வீட்டுக்காரருக்கு நட்டம். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. "கட்டின பொறகு தெரிஞ்சிருந்தா?" என்று மட்டும் கேட்டார்.

கட்டிய பிறகு தெரிந்தால்

அவருடைய கேள்விக்கு உலகம் அறிந்த ஒரு விடை உண்டு. பொறியியல் படிப்பவர்கள் பலரும் வகுப்பில் படிக்கும் சம்பவம் அது.

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலுள்ள கன்சாஸ் சிட்டி நகரில், 1980ஆம் ஆண்டு ஹயட் ரீஜென்சி என்ற ஹோட்டல் திறக்கப்பட்டது. பல மாடி உயரமான அதன் முன்மண்டபத்தின் குறுக்கே இரண்டாம், மூன்றாம், நான்காம் மாடிகளில் மூன்று நடைபாலங்கள் இருந்தன. அவை உருக்குக் கம்பிகளில் கூரையிலிருந்து தொங்கின. நான்காம் மாடிப் பாலத்துக்கு நேர் கீழே இரண்டாம் மாடிப் பாலம் அமைந்திருந்தது.

முதல் வரைபடத்தில், கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளக் கம்பி இந்த இரண்டு பாலங்களையும் தாங்கியது. பாலத்தின் குறுக்கு பீமில் துளையிட்டுக் கம்பியை நுழைத்து, பீமின் அடியில் நட் போட்டு இறுக்குவது முறை. ஆனால் நான்காம் மாடியின் நட்டை அதன் இடத்துக்கு ஏற்ற வேண்டுமானால், அதற்குக் கீழே உள்ள கம்பி முழுவதிலும் மரை வெட்ட வேண்டும். அது சிரமமான வேலை. எனவே ஒரு கம்பியை இரண்டாக்கினார்கள். கூரையிலிருந்து நான்காம் மாடி பீம் வரை ஒரு கம்பி. நான்காம் மாடி பீமிலிருந்து இரண்டாம் மாடிப் பாலத்துக்கு வேறொரு கம்பி. தாளில் பார்த்தால் மிகச் சிறிய மாற்றம்.

அந்தச் சிறிய மாற்றம் என்ன செய்தது என்பதை நம் மூத்தம்மாமார் குசினியில் தொங்கவிட்ட உறியை வைத்து விளங்கிக்கொள்ளலாம். முகட்டிலிருந்து ஒரு நீளக் கயிறு. அதில் மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு. ஒவ்வொரு தட்டின் அடியிலும் ஒரு முடிச்சு. மேல் முடிச்சு மேல் தட்டை மட்டும் தாங்குகிறது; கீழ் முடிச்சு கீழ்த் தட்டை மட்டும் தாங்குகிறது. இப்போது கயிற்றை மேல் தட்டோடு வெட்டிவிட்டு, கீழ்த் தட்டை வேறு கயிற்றால் மேல் தட்டிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். முகட்டில் ஏறும் பாரம் மாறவில்லை. ஆனால் மேல் தட்டின் அடியிலுள்ள முடிச்சு இப்போது இரண்டு தட்டுகளையும் தாங்க வேண்டும். அதன் பாரம் இரட்டித்துவிட்டது.

கன்சாஸ் சிட்டியில் நான்காம் மாடி பீமுக்கு அடியிலிருந்த நட்டுகளுக்கு நேர்ந்தது இதுதான். மாற்றத்தைக் காட்டிய தாள்கள் பொறியியலாளரின் அலுவலகத்துக்குப் போய், அங்கீகார முத்திரையுடன் திரும்பின. அந்த இணைப்பின் கணக்கை யாரும் செய்யவில்லை. உருக்கு வேலை செய்பவர் பார்த்துக்கொள்வார் என்று ஒரு பக்கம். பொறியியலாளர் ஏற்கெனவே பார்த்துவிட்டார் என்று மறுபக்கம். 1979 ஒக்டோபரில், கட்டிக்கொண்டிருந்தபோதே அம்மண்டபக் கூரையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அந்த எச்சரிக்கைக்குப் பிறகும் நடைபாலத்தின் இணைப்பு கணக்குப் பார்க்கப்படவில்லை.

1981 யூலை 17, வெள்ளிக்கிழமை மாலை, மண்டபத்தில் நடன விருந்து ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஏழு மணி கடந்த சற்று நேரத்தில், நட்டுகள் பீமைப் பிய்த்துக்கொண்டு வெளியேற, நான்காம் மாடிப் பாலம் இரண்டாம் மாடிப் பாலத்தின் மேல் விழுந்து, இரண்டும் கீழே நின்றவர்கள் மேல் விழுந்தன. 114 பேர் உயிரிழந்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். தனிக் கம்பிகளில் தொங்கிய மூன்றாம் மாடிப் பாலம் விழவில்லை.

அமெரிக்க தேசிய நியமப் பணியகம் விசாரித்தது. நகரின் கட்டட விதி கேட்ட வலுவில், கட்டப்பட்ட இணைப்புக்கு ஏறத்தாழ நூற்றுக்கு 30 பங்குதான் இருந்தது என்று கண்டது. முதல் வரைபடத்தின் இணைப்புக்கும் நூற்றுக்கு 60 பங்குதான் இருந்தது. அதாவது, மாற்றம் வந்த நேரத்தில் ஒருவர் அமர்ந்து கணக்குப் பார்த்திருந்தால் புதிய பிழையோடு பழைய பிழையும் அகப்பட்டிருக்கும். பின்னர் பொறுப்பான பொறியியலாளர்கள் இருவர் மிசூரியில் தம் தொழில் உரிமத்தை இழந்தார்கள். வேலையைப் பிறரிடம் கொடுக்கலாம். முத்திரையின் பொறுப்பைக் கொடுக்க முடியாது என்பதே அந்த வழக்கு விட்டுச்சென்ற பாடம்.

மாவனல்லை வீட்டையும் அந்த ஹோட்டலையும் ஒப்பிடுவது பெரிய பேச்சு என்று நினைக்கலாம். பிழையின் அளவு வேறு. பிறந்த இடம் ஒன்று. இரண்டு தாள்களுக்கு நடுவே, இரண்டு மேசைகளுக்கு நடுவே, "மற்றவர் பார்த்திருப்பார்" என்ற எண்ணத்தில் அது பிறந்தது.

நீங்களும் பார்க்கலாம்

பீமுக்குள் எத்தனை கம்பி வேண்டும் என்பதைப் பொறியியலாளர்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு வீட்டுப் பிளானில் வரும் பல பிழைகளைக் கூட்டல் கழித்தல் தெரிந்த எவரும் கண்டுபிடிக்கலாம். பிரதேச சபை அனுமதித்த பிளான்தானே என்று விட்டுவிடக் கூடாது. சபை பார்ப்பது, வீதிக்கு விட வேண்டிய இடைவெளி, வெளிச்சம், காற்றோட்டம் போன்ற விதிகளை. உங்கள் வீட்டுப் படிகளை எண்ணிப் பார்ப்பது உங்கள் வேலை.

முதலில் தாளின் மூலையைப் பாருங்கள். திகதி, திருத்த எழுத்து, அளவுத்திட்டம், வடதிசைக் குறி ஆகியவை அங்கே இருக்கும். எல்லாத் தாள்களும் ஒரே திருத்தத்தைப் பார்த்து வரையப்பட்டவையா என்று கேளுங்கள். நான் அன்று இதைச் செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேறு தொடக்கம் தேட வேண்டியிருந்திருக்கும். வடதிசைக் குறியையும் சும்மா விடாதீர்கள். நம் வீடுகளில் மலசலகூட இருக்கை கிப்லாவை நோக்கியோ அதற்கு முதுகு காட்டியோ அமையாமல் பார்ப்போம். இலங்கையிலிருந்து கிப்லா நேர் மேற்கில் இல்லை. மேற்கிலிருந்து ஏறத்தாழ 25 பாகை வடக்காக இருக்கிறது. தாளில் வடக்கு பிழைத்தால் அதுவும் பிழைக்கும்; வெயில் படும் யன்னலும் பிழைக்கும்.

இரண்டாவது, அளவுகளைக் கூட்டுங்கள். மூன்று அறைகள் வரிசையாக 3000, 2700, 2850 மில்லிமீற்றர். வெளிச்சுவர் முதல் வெளிச்சுவர் வரை மொத்தம் 9000 என்று போட்டிருக்கிறது. சுவர் ஒவ்வொன்றும் 150. மூன்று அறைகளுக்கு எத்தனை சுவர்? நான்கு. அறைகள் 8550, சுவர்கள் 600, ஆக 9150. வரைந்தவர் மூன்று சுவரைத்தான் எண்ணியிருக்கிறார். கட்டும்போது அந்த 150 ஏதாவது ஓர் அறையிலிருந்து களவு போகும். அலுமாரி வைக்கப் போகும் நாளில்தான் அது தெரியவரும்.

மூன்றாவது, படிக்கட்டை எண்ணுங்கள். எங்கள் மாமி வீட்டுப் பிளானில் ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்கு உயரம் 3150. படி ஒன்றின் உயரம் 175 என்று குறித்திருந்தது. 3150ஐ 175ஆல் வகுத்தால் 18 ஏற்றம். 18 ஏற்றத்துக்கு நடுவே கால் வைக்கும் பலகை 17 வேண்டும். ஒவ்வொன்றும் 250 ஆனால் 4250 நீளம். பிளானில் படிக்கட்டுக்கு விட்டிருந்த நீளம் 3750. அதில் 15 பலகைதான் அடங்கும். இரண்டு படிக்கு இடமில்லை! கேள்வி கேட்காமல் விட்டால் மேசன் என்ன செய்வார்? இருக்கும் இடத்தில் 16 ஏற்றமாகப் பிரித்துவிடுவார். படி ஒன்று ஏறத்தாழ 197 ஆக உயரும். தாளில் 22 மில்லிமீற்றர் ஒன்றுமில்லை. வீட்டில் அதை நாளுக்குப் பத்துத் தடவை கட்டித் தீர்ப்பது மாமியின் முழங்கால். அத்திவாரத்துக்கு முன்னரே கண்டதால், குசினிச் சுவரை அழிறப்பரால் அழித்து 500 தள்ளி வரைந்தார்கள். செலவு, ஒரு புதிய தாள்.

நான்காவது, ஒரு தூணைப் பிடித்துக்கொள்ளுங்கள். விரலை மேல் மாடித் தாளில் அந்தத் தூணின் மேல் வைத்து, கீழ்த்தளத் தாளுக்கு வாருங்கள், பின் அத்திவாரத் தாளுக்கு வாருங்கள். எங்காவது அது காணாமற் போகிறதா? இடம் மாறுகிறதா? ஒரே அளவுத்திட்டத்தில் அச்சிட்ட இரண்டு தாள்களைப் பகல் வெளிச்சத்தில் யன்னல் கண்ணாடியின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பிடித்தால், நகர்ந்த தூண் தானே இரட்டையாகத் தெரியும். இன்று கணினியிலும் இதைச் செய்கிறோம். கண்ணாடி யன்னல் இன்னும் வேலை செய்கிறது.

ஐந்தாவது, தண்ணீரின் பின்னால் போங்கள். கூரையில் விழும் மழை எந்தப் பீலியில் இறங்கி, எந்தக் கானுக்குப் போகிறது? மேல் மாடிக் குளியலறையின் குழாய் கீழே எந்தச் சுவரோடு வருகிறது? வரும் வழியில் பீம் குறுக்கிடுகிறதா? கட்டிய பின் பீமில் துளையிடுவது ஆபத்து. மலசலகூடக் குழி எங்கே, கிணறு எங்கே? பக்கத்து வீட்டுக் கிணறு நம் பிளானில் இருக்காது. மதிலுக்கு அப்பால் எட்டிப் பார்த்துத்தான் குறிக்க வேண்டும். தாளில் இல்லாததைத் தேடுவதும் சரிபார்த்தல்தான்.

கடைசியாக, பிளானில் உள்ள கதவு யன்னல்களை எண்ணி, பட்டியலில் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். பிளானில் பதினொரு யன்னல், பட்டியலில் ஒன்பது என்றால், மீதி இரண்டுக்கும் வீடு பாதி கட்டிய நிலையில் காசு தேட வேண்டிவரும்.

கேள்வியை எழுதி வையுங்கள்

பார்த்துச் சரியென்று கண்ட ஒவ்வோர் எண்ணையும் நான் மஞ்சள் பென்சிலால் தீட்டுவேன். பிழையென்று கண்டதைச் சிவப்பால் வட்டமிடுவேன். வேலை முடிந்ததும் தாளைப் பார்த்தால், நிறம் படாத இடம் நான் பார்க்காத இடம் என்று தெரியும். "பார்த்த மாதிரி இருக்கிறது" என்ற ஏமாற்றம் இதில் நடக்காது.

சிவப்பு வட்டத்தை நானே திருத்துவதில்லை. வரைந்தவருக்குக் கேள்வியாக எழுதி அனுப்புவேன். "தூண் எந்த இடத்தில்? உங்கள் தாளில் இங்கே, அவர் தாளில் அங்கே." விடையும் எழுத்தில் வர வேண்டும். தொலைபேசியில் "ஓம், அது சரி" என்று சொன்னது கட்டும் நாளில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. புதிய தாள் வந்ததும் பழைய தாளின் குறுக்கே "செல்லாது" என்று பெரிதாக எழுதிவிடுவேன். கட்டுமிடத்தில் பழைய தாள் ஒன்று மிஞ்சிக் கிடந்தால் போதும், ஒருவர் அதைப் பார்த்து வெட்டிவிடுவார்.

கேள்வி கேட்பதற்கு ஆரம்பத்தில் எனக்கு வெட்கமாக இருந்தது. வரைந்தவர்கள் என்னைவிட மூத்தவர்கள், அதிகம் படித்தவர்கள். "இந்தப் பெண் பிள்ளைக்கு இது கூட விளங்கவில்லையா" என்று நினைப்பார்களோ என்று தயங்கினேன். பாஸ் தயங்கவில்லை. பள்ளிக்கூடம் அதிகம் போகாத அந்த மனிதர், இரண்டு தாள்களை விரித்து வைத்துக் கேட்ட ஒரு கேள்வி, ஒரு குடும்பத்தின் பன்னிரண்டு வருட உழைப்பைக் காத்தது. நல்ல பொறியியலாளர்கள் கேள்விக்குக் கோபப்படுவதில்லை என்பதையும் பிறகு கண்டுகொண்டேன். கேள்வி வராத நாளில்தான் அவர்கள் சந்தேகப்படுவார்கள்.

தங்கைகளே, வீட்டு அலுமாரியில் காணி உறுதியோடு சுருட்டி வைத்திருக்கும் பிளானை இந்த விடுமுறையில் ஒரு தடவை கேட்டு வாங்கி விரித்துப் பாருங்கள். படிகளை எண்ணுங்கள். ஓர் அறையின் அளவைக் கூட்டுங்கள். பிளானில் இருக்கும் வீடும் நீங்கள் இருக்கும் வீடும் ஒன்றுதானா என்று பாருங்கள். எங்கே வேறுபடுகிறது, ஏன் வேறுபட்டது என்று வாப்பாவிடம் கேளுங்கள். ஒரு கதை நிச்சயம் வரும்.

நான் முதலெழுத்திட்ட அந்த "ஏ" தாள் இன்றும் என் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறது. குறுக்கே "செல்லாது" என்று எழுதியிருக்கிறேன். மூலைக் கட்டத்தில் என் எழுத்து அப்படியே இருக்கிறது. புதிய தாள் ஒன்றில் எழுத்திடுவதற்கு முன் ஒரு தடவை அண்ணாந்து அதைப் பார்த்துக்கொள்வேன்.

பழைய மாணவி